கேள்வி கேட்காத சீடன்: ‘பாதாள பைரவி’யும் ஹாரி பாட்டரும்

நண்பர்களே, முதல்ல ஒரு சின்ன க்விஸ்.

தாடி வச்ச ஒரு பெரிய மந்திரவாதி. தைரியசாலியான ஒரு பையன். மந்திரவாதி அந்தப் பையனைத் தேடிக் கண்டுபிடிக்கிறார், அவன் துணிச்சலைச் சோதிச்சுப் பார்க்கிறார், பாராட்டுறார், ஆபத்தான இடங்களுக்கு அனுப்பி வைக்கிறார். ஆனா ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவன்கிட்ட சொல்லல. கடைசியில அந்தப் பையன் சாகணும், அதுதான் திட்டம்.

இது எந்தப் படம்?

‘ஹாரி பாட்டர்’னு சொன்னவங்களுக்கு முழு மார்க். ‘பாதாள பைரவி’ன்னு சொன்னவங்களுக்கும் முழு மார்க். முதல் பதில் நம்மில் பல பேருக்குத் தெரியும். ரெண்டாவது பதிலைத் தெரிஞ்சுக்க நம்ம தாத்தா பாட்டிகிட்டதான் போகணும். இந்தக் கட்டுரையில ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கப் போறோம். மந்திரவாதிகளோட உலகத்துல யார் யாருக்குக் கட்டளை போடுறாங்க, யார் யாரை நம்புறாங்க, நாவலோ கதையோ சினிமாவா மாறும்போது அந்த உறவுக்கு என்ன ஆகுது என்பதுதான் விஷயம். ஸ்பாய்லர் இருக்கு. ஆனா 1951-லயும் 2011-லயும் வந்த படங்களுக்கு ஸ்பாய்லர் சொன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டீங்கன்னு நம்புறேன்.

முதல்ல படத்தைப் பற்றி

‘பாதாள பைரவி’ 1951 மார்ச் மாதம் தெலுங்கிலும், மே மாதம் தமிழிலும் வந்தது. கே.வி. ரெட்டி இயக்கம். விஜயா புரொடக்‌ஷன்ஸ் தயாரிப்பு. அந்த நிறுவனத்தை நடத்தின நாகிரெட்டியும் சக்கரபாணியும் வேற யாரும் இல்ல, ‘அம்புலிமாமா’ பத்திரிகையை 1947-ல ஆரம்பிச்ச அதே ரெண்டு பேர். விக்கிரமாதித்தனும் முதுகில் வேதாளமும் இருக்கிற அந்தப் படத்தை நீங்க எங்கயாவது பார்த்திருப்பீங்க. சென்னையில இருந்த வாஹினி ஸ்டுடியோவில் எடுத்த இந்தப் படம், 1952-ல நடந்த இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது.

நேபாள மந்திரவாதியா நடிச்சவர் எஸ்.வி. ரங்காராவ். கதாநாயகன் தோட்டராமனா நடிச்சவர் என்.டி. ராமாராவ். இதுல எனக்குப் பிடிச்ச தகவல் ஒண்ணு: ரங்காராவ் பிறந்தது 1918, ராமாராவ் பிறந்தது 1923. அதாவது படம் வந்தப்போ ‘கிழட்டு’ மந்திரவாதிக்கு வயசு 32. கதாநாயகனை விட வெறும் அஞ்சு வயசு பெரியவர்! குரல், தாடி, நடை இந்த மூணையும் வச்சே அவர் ஒரு பெரிய அதிகாரத்தைத் திரையில உருவாக்கிட்டார். அதிகாரம்னு நாம நினைக்கிறதுல எவ்வளவு மேக்கப் இருக்குன்னு இதுல இருந்தே புரியும்.

கதையில் மூணு அதிகாரம்

உஜ்ஜயினி அரண்மனைத் தோட்டத்துல வேலை பார்க்கிற அம்மாவோட பையன் ராமன். இளவரசி இந்துமதியை விரும்புறான். விஷயம் ராஜாவுக்குத் தெரியுது. ராஜா என்ன சொல்றார்? எனக்குச் சமமா செல்வம் சேர்த்துட்டு வா, பொண்ணைத் தர்றேன் என்கிறார். இதுதான் முதல் அதிகாரம். கவனிச்சுப் பாருங்க, நீ நல்லவனா, என் பொண்ணை நல்லா பார்த்துப்பியான்னு அவர் கேட்கல. எவ்வளவு வச்சிருக்கேன்னுதான் கேட்கிறார். நம்ம ஊர்ல இப்ப பேக்கேஜ் எவ்வளவுன்னு கேட்கிற மாதிரி!

அந்த நிபந்தனைதான் ராமனை ரெண்டாவது அதிகாரத்துகிட்ட கொண்டு போய் விடுது. நேபாள மந்திரவாதிக்கு ஒரு துணிச்சலான இளைஞன் தேவை. பாதாள பைரவிக்கு அவனைப் பலி கொடுத்தா, கேட்டதெல்லாம் தரும் ஒரு சிலை கிடைக்கும். ராமனுக்குப் பணம் தேவை, மந்திரவாதிக்கு ராமன் தேவை. செல்வம் கிடைக்கும்னு ஆசை காட்டி அவனைக் குகைக்குக் கூட்டிட்டுப் போறான். பையனும் ஒவ்வொரு சோதனையையும் தாண்டுறான். ராமன் ஜெயிக்க ஜெயிக்க மந்திரவாதிக்குச் சந்தோஷம். ஏன்னா பலி ஆடு நல்ல ஆடுன்னு உறுதியாகிட்டே வருது.

உண்மை எப்படி வெளியே வருது? பலிக்கு முன்னாடி குளிக்கப் போன இடத்துல ஒரு முதலையை ராமன் கொல்றான். அந்த முதலை சாபம் நீங்கி ஒரு தேவகன்னியா மாறி, மந்திரவாதியோட திட்டத்தைச் சொல்லிடுது. அதுக்கப்புறம் நிலைமை தலைகீழ். பலி கொடுக்க வந்தவனே பலியாகிறான், சிலை ராமன் கைக்கு வருது.

மூணாவது அதிகாரம்தான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. மந்திரவாதிக்கு சதாஜபான்னு ஒரு சீடன் உண்டு. எப்பவும் திட்டு வாங்குறவன், எடுபிடி வேலை செய்றவன். படத்துல அவனைப் பார்த்தா சிரிப்புதான் வரும். ஆனா செத்துக் கிடந்த மந்திரவாதியைத் தேடிப் போய், சஞ்சீவி மூலிகையால உயிர் கொடுக்கிறவன் அவன்தான். கதையோட ரெண்டாவது பாதியே சதாஜபாவால்தான் நடக்குது. உலகத்தையே ஆளணும்னு நினைச்ச ஒருத்தனோட உயிர், அவன் மதிக்கவே மதிக்காத ஒரு பையன் கையில இருந்திருக்கு.

பழைய மந்திரவாதி, பழைய தந்திரம்

பையனைப் பயன்படுத்துற மந்திரவாதி புதுசு இல்ல. அலாவுதீன் கதையில, உங்க அப்பாவோட தம்பி நான்னு பொய் சொல்லிக்கிட்டு ஒருத்தன் வருவான். விளக்கை எடுத்துத் தரத்தான் அவனுக்கு அலாவுதீன் தேவை. விக்கிரமாதித்தன் கதையில, வேதாளத்தைப் பிடிச்சுட்டு வான்னு ராஜாவை அனுப்புற முனிவன் கடைசியில அந்த ராஜாவையே பலி கொடுக்கப் பார்ப்பான். உண்மையைச் சொல்லி எச்சரிக்கிறது வேதாளம். கீழே விழுந்து கும்பிடுன்னு முனிவன் சொல்ல, நான் ராஜா, எனக்குப் பழக்கம் இல்ல, நீங்களே காட்டுங்கன்னு விக்கிரமாதித்தன் கேட்பான். முனிவன் குனிவான், தலை போகும்.

இந்தக் கதைகள்ல ஒரு பேட்டர்ன் தெரியுதா? பெரியவன் சொல்லிக் கொடுக்கிற மாதிரி இருக்கும், ஆனா முக்கியமானதைச் சொல்ல மாட்டான். பாதாள பைரவியில முதலை, விக்கிரமாதித்தன் கதையில வேதாளம்னு உண்மை வெளியாள் மூலமாத்தான் வரும். விக்கிரமாதித்தனைக் காப்பாத்தினது வாள் மட்டும் இல்ல, எப்படிக் கும்பிடுறது, காட்டுங்கன்னு கேட்ட கேள்வியும்தான்.

இங்கதான் ஒரு சுவாரசியமான விஷயம். ‘பாதாள பைரவி’க்கு மூலம் ‘காசி மஜிலி கதைகள்’ என்கிற தெலுங்குக் கதைத் தொகுப்பு. எழுதினவர் மதிர சுப்பண்ண தீட்சிதர். மஜிலின்னா வழியில தங்குற இடம். மணிசித்தர்னு ஒரு குரு, மாடு மேய்க்கிற ஒரு பையனைக் கூட்டிக்கிட்டு காசிக்கு நடந்து போறார். ஒவ்வொரு இடத்துல தங்கும்போதும் பையன் ஊருக்குள்ள போய் ஏதாவது ஒரு விசித்திரத்தைப் பார்த்துட்டு வந்து, இது ஏன் இப்படின்னு கேட்பான். குரு பதிலா ஒரு கதை சொல்வார். மறுபடி நடை, மறுபடி கேள்வி, மறுபடி கதை.

இந்தக் கட்டமைப்பைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சீடன் கேட்கலைன்னா அங்க கதையே கிடையாது. பையனோட கேள்விதான் என்ஜின். அதுல இருந்து ஒரு கதையை எடுத்து சினிமா பண்ணும்போது, கேட்கிற பையனும் பதில் சொல்ற குருவும் வெளியே போயிட்டாங்க. எதையும் சொல்லாத மந்திரவாதியும், சொன்னதைச் செய்ற சீடனும்தான் திரைக்கு வந்தாங்க. நான் குறை சொல்லல. சினிமாவுக்குக் குகை வேணும், முதலை வேணும், சண்டை வேணும். ரெண்டு பேர் உட்கார்ந்து கேள்வி பதில் பேசினா இடைவேளைக்கு முன்னாடியே கூட்டம் முறுக்கு வாங்கக் கிளம்பிடும்.

டம்பிள்டோர் ஏன் கத்தினார்?

ஹாரி பாட்டர் படங்கள் 2001-ல இருந்து 2011 வரை மொத்தம் எட்டு. அங்கேயும் இதே விஷயம் நடந்திருக்கு.

உங்க எல்லாருக்கும் தெரிஞ்ச மீம்ல இருந்தே ஆரம்பிக்கலாம். நாலாவது கதையில, நெருப்புக் கோப்பையில இருந்து ஹாரி பேர் வருது. உன் பேரை நீயே போட்டியான்னு டம்பிள்டோர் கேட்கிறார். நாவல்ல அமைதியா கேட்பார். படத்துல ஓடி வந்து ஹாரியைப் பிடிச்சு உலுக்கிக் கத்துவார். நாம சிரிச்சுட்டுக் கடந்துடுறோம். ஆனா உறவே மாறிடுச்சு பாருங்க. நாவல்ல அது ஒரு கேள்வி, படத்துல அது ஒரு விசாரணை.

அஞ்சாவது கதையோட முடிவு இன்னும் முக்கியம். நாவல்ல சிரியஸ் இறந்த பிறகு, டம்பிள்டோர் அறையில ஹாரி கத்துறான், பொருளை எல்லாம் உடைக்கிறான். ஏன் இவ்வளவு நாளா என்கிட்ட மறைச்சீங்க என்பதுதான் அவன் கோபம். டம்பிள்டோர் தடுக்கல, தண்டிக்கல. உட்கார்ந்து எல்லாத்தையும் விளக்கிச் சொல்லி, தப்பு தன்னுடையதுன்னு ஒத்துக்கிறார். படத்துல அந்தக் காட்சி ரொம்பச் சுருக்கம். ஹாரியோட கோபம் போயிடுச்சு.

கடைசிக் கதையில, ஹாரிக்குள்ள வால்டமார்ட்டோட உயிரின் ஒரு துண்டு இருக்கு, அதனால அவன் சாகத்தான் வேணும்னு தெரிய வருது. டம்பிள்டோருக்கு இது முன்னாடியே தெரியும். இதைக் கேட்ட ஸ்னேப்பே அதிர்ந்து போறார். அதுக்கப்புறம் வெள்ளையா இருக்கிற அந்த ரயில் நிலையக் காட்சி. நாவல்ல டம்பிள்டோர் அங்க அழுகிறார், ஹாரிகிட்ட மன்னிப்புக் கேட்கிறார். ஹாரி உயிரோட திரும்பி வர வாய்ப்பு இருக்குன்னு ஏன் நம்பினார், வால்டமார்ட் ஹாரியோட ரத்தத்தை எடுத்துக்கிட்டது எப்படி உதவுச்சுன்னு விளக்குறார். படத்துல அவர் அமைதியா, ஒரு ஞானி மாதிரி பேசிட்டுப் போயிடுறார்.

விளைவு என்னன்னா, விளக்கத்தையும் கண்ணீரையும் எடுத்துட்டா டம்பிள்டோர் நேபாள மந்திரவாதிக்கு ரொம்பப் பக்கத்துல வந்துடுறார்! மறைச்சு வளர்த்தார், சாக அனுப்பினார், அவ்வளவுதான் திரையில நிக்குது. ஆனாலும் பின்னணி இசையும் வெள்ளை வெளிச்சமும் சேர்ந்து அவரை நல்லவர்னு நம்மை நம்ப வைக்குது. ரங்காராவோட தாடி செய்த வேலையை இங்க லைட்டிங் செய்யுது.

அப்போ வித்தியாசம் எங்க இருக்கு?

ரெண்டு பேரும் ஒண்ணுதான்னு நான் சொல்ல வரல. மூணு வித்தியாசம் தெளிவா இருக்கு.

ஒண்ணு, லாபம் யாருக்கு? நேபாள மந்திரவாதி பலி கொடுத்தா சிலை அவனுக்கே. டம்பிள்டோருக்கு எதுவும் கிடைக்கல, அவர் முன்னாடியே செத்துட்டார்.

ரெண்டு, உண்மை கடைசியிலாவது பையனுக்குப் போய்ச் சேருதா? ராமனுக்கு அது தெரியவே கூடாது என்பது மந்திரவாதியோட திட்டம். ஹாரிக்கு அது போய்ச் சேரணும் என்பதே திட்டத்தோட ஒரு பகுதி. தெரிஞ்ச பிறகு காட்டுக்குள்ள நடந்து போனது ஹாரியோட சொந்த முடிவு.

மூணு, கேள்வி கேட்டா என்ன நடக்குது? இது மட்டும்தான் நமக்கு முன்கூட்டியே கண்ணுக்குத் தெரியுற அடையாளம். லாபம் யாருக்குப் போகும்னு முடிஞ்ச பிறகுதான் தெரியும். மறைச்ச உண்மை மறைஞ்சிருக்கிற வரை தெரியாது. ஆனா ஏன்னு கேட்டுப் பார்த்தா, அந்த நிமிஷமே எதிர்ல இருக்கிறவர் யாருன்னு கொஞ்சம் தெரிஞ்சுடும். நாவலும் மஜிலிக் கதையும் பக்கம் பக்கமா எழுதி வச்சது இந்த மூணாவதைத்தான். ரெண்டு சினிமாவும் வெட்டினதும் இதைத்தான்.

எங்க காடாம்புலியூர் பக்கம் வந்தீங்கன்னா ரோட்டோரமே முந்திரிப் பருப்பு வித்துக்கிட்டு இருப்பாங்க. இந்தச் சுத்து வட்டாரத்துல கொட்டை உடைக்கிற வேலை எத்தனையோ வீடுகளுக்குச் சோறு போடுது. முந்திரிக் கொட்டையோட ஓட்டுல ஒரு எண்ணெய் இருக்கு, அது பட்டா தோல் வெந்துடும். புதுசா உட்காருற பொண்ணுக்கு ஒரு அக்கா முதல்ல சொல்லிக் கொடுக்கிறது எப்படி வேகமா உடைக்கிறதுன்னு இல்ல. கையில சாம்பலோ எண்ணெயோ தடவிக்கோ, அந்தக் கையோட கண்ணைத் தொடாதே என்பதைத்தான். ஆபத்தை முதல்ல சொல்லிட்டுத்தான் வேலையைக் கையில கொடுப்பாங்க. அந்த அக்காவுக்குக் குருன்னு யாரும் பட்டம் கொடுக்கல. ஆனா நேபாள மந்திரவாதிகிட்ட இல்லாத ஒண்ணு அவங்ககிட்ட இருக்கு.

நமக்கு இதுல என்ன?

நிறைய இருக்கு. இந்த வருஷம் நாம ஃபைனல் இயர். ராஜா மாதிரி ஊரே நிபந்தனை போடுது: வேலை எங்க, பேக்கேஜ் எவ்வளவு? அந்த அவசரத்துல இருக்கிறவனைத்தான் மந்திரவாதி தேடி வருவான். இன்ன நிறுவனத்துல எனக்கு ஆள் தெரியும், இவ்வளவு பணம் கட்டு, மத்ததை நான் பார்த்துக்கிறேன்னு சொல்ற ஏஜென்ட். சம்பளம் இல்லாம ஆறு மாசம் வேலை வாங்கிட்டு, எக்ஸ்பீரியன்ஸ்தானே தம்பி முக்கியம்னு சொல்ற இன்டர்ன்ஷிப். எல்லா இடத்துலயும் உன்கிட்ட ஒரு ஸ்பார்க் இருக்குன்னு ஒரு பாராட்டு முதல்ல வரும். ராமனுக்கும் வந்தது.

நல்ல கைடு கிடைச்சவங்களுக்கு இதோட மறுபக்கமும் தெரியும். இந்த அல்காரிதம் ஏன் சார்னு கேட்டா, அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். சில நேரம், எனக்கும் தெரியல, பார்த்துட்டு வந்து சொல்றேன்னு சொல்வார். அப்படிச் சொன்னதால அவர் மேல நமக்கு மரியாதை குறையுறதே இல்ல.

அதனால யாராவது உங்களை ஒரு குகைக்குள்ள அனுப்பினா, மூணு விஷயம் கேளுங்க. இதுல இருக்கிற ரிஸ்க் என்ன? இது முடிஞ்சா உங்களுக்கு என்ன கிடைக்கும், எனக்கு என்ன கிடைக்கும்? இதை எழுத்துல தர முடியுமா? மரியாதையாவே கேட்கலாம். சார், மேடம், அண்ணான்னு கூப்பிட்டே கேட்கலாம். கேட்டதுக்கே ஒருத்தருக்குக் கோபம் வந்துதுன்னா, அந்தக் கோபத்தையே பதிலா எடுத்துக்கலாம்.

சதாஜபாவை மறக்காதீங்க

இன்னும் ஒண்ணு. இதுவரை நம்மை ராமன் இடத்துல வச்சே பேசிட்டோம். ஆனா நாம பல நேரம் சதாஜபா. சீனியர் சொன்னார், சார் சொன்னார், மேனேஜர் சொன்னார்னு தப்பான ஒரு அதிகாரத்துக்கு மூலிகை தேடிப் போய் உயிர் கொடுக்கிறவங்க. ஜூனியரை மிரட்டுற சீனியர் தனியா வந்தா அவரால என்ன பண்ண முடியும்? கூட நின்னு சிரிக்கிற நாலு பேர்தான் அவரோட மந்திரம்.

‘பாதாள பைரவி’யில சிலையும் இளவரசியும் மந்திரவாதி கைக்குப் போன பிறகு, எல்லாம் மாறுறது ராமனோட தோழன் அஞ்சியால. அவன் சதாஜபா வேஷத்துல உள்ளே போறான். இளவரசிக்குப் பிடிக்கணும்னா தாடியை எடுங்கன்னு மந்திரவாதியை நம்ப வைக்கிறாங்க. தாடியோட சேர்த்து சக்தியும் போயிடுது. ஹாரியோட அஞ்சாவது கதையிலயும் இதே மாதிரிதான். அம்பிரிட்ஜ் சுவர் முழுக்க விதி மேல விதியா ஆணி அடிச்சு மாட்டுறார். பசங்க ஒரு மறைவான அறையில சேர்ந்து ஒருத்தருக்கொருத்தர் கத்துக் கொடுக்கிறாங்க. அங்க ஹாரிதான் வாத்தியார், ஆனா அவன் யாரையும் மிரட்டல. எதிரே நிக்கிற ஆபத்து எப்படி இருக்கும்னு முதல்ல சொல்லிட்டுத்தான் மந்திரக்கோலைத் தூக்கச் சொல்றான். நம்ம முந்திரி அக்கா மாதிரி! அரியர் பேப்பருக்கு முந்தின நாள் ராத்திரி ஹாஸ்டல்ல ஒரு ரூம்ல பன்னிரண்டு பேர் உட்கார்ந்து, ஒருத்தன் சொல்லிக் கொடுக்க மத்தவங்க கேட்டுப் படிக்கிறோமே, அதுவும் இந்த வகைதான். அந்த ரூம்ல இது புரியல மச்சின்னு சொல்ல யாருக்கும் பயம் இருக்காது.

கடைசியா ஹாரியோட முடிவு ஒண்ணு. உலகத்துலயே சக்தி வாய்ந்த மந்திரக்கோல் அவன் கையில இருக்கு. நாவல்ல தன்னோட பழைய கோலைச் சரி பண்ணிட்டு, அதை டம்பிள்டோர் கல்லறையிலயே திரும்ப வைக்கணும்னு முடிவெடுக்கிறான். படத்துல ரெண்டா உடைச்சுப் பாலத்துல இருந்து வீசுறான். எது சரின்னு எங்க ரூம்ல ரெண்டு கட்சி இருக்கு. அதிகாரம் யார் கையிலயும் இருக்கக் கூடாதுன்னு ஒரு கட்சி. எடுத்த இடத்துல வைக்கத் தெரியணும்னு இன்னொரு கட்சி. நான் ரெண்டாவது கட்சி. இன்னும் கொஞ்ச நாள்ல நாமளும் எங்கயாவது டீம் லீடரோ, வாத்தியாரோ, அப்பா அம்மாவோ ஆவோம். அப்போ கோல் நம்ம கையில இருக்கும், எதிர்ல ஒரு புதுப் பையனோ பொண்ணோ ஏன்னு கேட்கும்.

‘பாதாள பைரவி’ கிடைச்சா இந்த வாரக் கடைசியில பாருங்க. வீட்டுல பெரியவங்க இருந்தா பக்கத்துல உட்கார வச்சுக்கோங்க. உங்க கட்சி எதுன்னு எழுதி அனுப்புங்க, அடுத்த இதழ்ல பேசலாம்.